அமிழும் தட்டு: ஒரு கலைச்சொல்லும் ஒரு கடலடி நிகழ்வும்

முன்னுரை

சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் பெரிய நிலநடுக்கம் நிகழுங்கால், சிங்கப்பூரிலும் மலேசியாவின் மேற்குக் கரையிலும் உயர்ந்த அடுக்குமாடிகளில் வாழ்வோர் மெல்லிய அசைவை உணர்கின்றனர். தொங்கு விளக்கு ஆடுகிறது. குவளை நீர் அலம்புகிறது. நாம் வாழும் நிலம் உறுதியானதே. அசைவுக்குக் காரணம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சுந்தா அகழி என்னும் கடலடிப் பள்ளத்தையொட்டி இருக்கிறது. அங்கு நிகழ்வதை நிலவியலார் ‘சப்டக்‌ஷன்’ என்பர். அதனைத் தமிழில் கீழமிழ்தல் எனலாம்; கீழமிழ்த்தல் எனலாம்; கீழ்ச்செருகல் என்றும் கூறலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பது சொல்லாக்க வினாவாகத் தோன்றினும், நிகழ்வின் இயக்கத்தை அறியாமல் அதற்கு விடை கூற இயலாது. ஆதலின் முதற்கண் இயக்கத்தைக் காண்போம்.

இரு தட்டுகளின் சந்திப்பு

புவியின் மேலோடும், அதனையடுத்துள்ள மூடகப் பாறையின் மேற்பகுதியும் இணைந்து விறைப்பான உறையாக அமைந்துள்ளன. இவ்வுறை ஒரே துண்டாக இல்லை. பல தட்டுகளாகப் பிரிந்து மிக மெதுவாக நகர்கின்றது. இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தைத் தாங்கிய தட்டு வடகிழக்கு நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் நகர்ந்து வருகிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தினும் இது சற்றே மிகுதி. மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, சாவகம் ஆகியவற்றைத் தாங்கிய சுந்தாத் தட்டை எதிர்கொள்ளும் இடத்தில் கடல் தட்டு வளைந்து கீழே இறங்குகிறது. அவ்வளைவே அகழி. சாவகத்திற்குத் தெற்கே அதன் ஆழம் 7 கிலோமீட்டருக்கும் மிகுதி.

தன்வினையா, பிறவினையா?

எதிர்வரும் தட்டு தள்ளுவதால் ஒரு தட்டு கீழே செருகப்படுகிறது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மை வேறு. நடுக்கடல் மலைத்தொடர்களில் உருகிய பாறை மேலெழுந்து புதிய கடல் தட்டாகிறது. பிறந்த நிலையில் அது வெப்பமானது. அதனால் எடை குறைந்தது. பல கோடி ஆண்டுகள் நகர்ந்து குளிர்ந்தபின் தடித்துச் செறிவடைகிறது. ஈற்றில், தனக்குக் கீழேயுள்ள வெப்பமான மூடகத்தைவிடவும் அடர்த்தி மிக்கதாகிவிடுகிறது. ஓரிடத்தில் இறங்கத் தொடங்கியதும் ஆழத்தின் அழுத்தத்தால் அதன் எரிமலைப் பாறை எக்லொகைட் என்னும் இன்னும் செறிந்த பாறையாக மாறுகிறது. அமிழ்ந்த பகுதி, மேலே எஞ்சியுள்ள பகுதியையும் இழுக்கிறது. நங்கூரச் சங்கிலியின் சில கண்ணிகள் நீருள் இறங்கியதும் அவற்றின் எடையே ஏனைய கண்ணிகளை இழுத்துச் செல்வதை ஒத்தது இது. தட்டுகளை நகர்த்தும் விசைகளுள் இவ்விழுவிசையே தலையாயது என்பது நிலவியலார் பலரின் முடிபு.

இங்கேதான் தமிழ் இலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. தாழ், தாழ்த்து, ஆழ், ஆழ்த்து, அமிழ், அமிழ்த்து எனத் தன்வினையையும் பிறவினையையும் நம் மொழி வடிவத்திலேயே வேறுபடுத்துகிறது. ‘சப்டக்‌ஷன்’ என்பதன் இலத்தீன் வேர், கீழே இட்டுச் செல்லுதல் என்னும் பொருளது. இட்டுச் செல்வோர் ஒருவர் உளர் என்னும் எண்ணத்தை அது எழுப்பக்கூடும். தட்டோ பெரும்பாலும் தன் எடையாலேயே இறங்குகிறது. எனவே ‘கீழமிழ்த்தல்’ பொருந்தாது. ‘கீழ்ச்செருகல்’ என்பதும் செருகுவோரைத் தேடவைக்கிறது. ‘கீழமிழ்தல்’ என்னும் தன்வினைச் சொல்லே நிகழ்வுக்கு நெருக்கமானது. பாடநூலில் ஓர் எழுத்து மிகுமாயின், மாணவர் மனத்தில் விசையின் திசையே மாறிவிடும்.

அமிழும் தட்டு தன்னுடன் கடல்நீரையும் கனிமங்களில் பிணைத்துக் கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்நீர் வெளியேறி, மேலுள்ள மூடகப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய பாறை மேலெழுகிறது. சுமத்திராவின் கெரிஞ்சி முதல் 1883ஆம் ஆண்டு வெடித்த கிராக்கத்தோவா வரை, அகழிக்கு இணையாக எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

பூட்டும் விடுபடலும்

கீழமிழ்தல் சீராக நிகழ்வதன்று. இரு தட்டுகளும் உரசும் பரப்பு உராய்வினால் பல நூற்றாண்டுகள் பூட்டிக் கிடக்கலாம். அப்போதும் கீழ்த்தட்டு இறங்க முயன்றுகொண்டே இருக்கும். பூட்டிய மேல்தட்டின் விளிம்பு அதனோடு கீழே இழுக்கப்படும். விளிம்பிற்குப் பின்னுள்ள பகுதி மெல்லப் புடைக்கும். வளைத்துப் பிடித்த நெகிழி அடிக்கோலை மாணவர் நினைத்துக்கொள்ளலாம். பூட்டு உடையும் நொடியில் விளிம்பு மேலே துள்ளுகிறது, பின்பகுதி தாழ்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, சுமத்திராவின் வடமேற்கிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இவ்வாறு பூட்டு உடைந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலடி பல மீட்டர் உயர்ந்தது. அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உடன் உயர்ந்தது. சிமெலுவே தீவின் ஒரு பகுதியில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டு வெயிலில் மடிந்தன.

மேற்புறம் உயர்ந்து கீழ்ப்புறம் தாழ்ந்ததால் அலையும் இருவகையாகப் புறப்பட்டது. கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கை, தமிழகக் கரைகளில் பெரும்பாலும் நீர் முதலில் ஏறியே வந்தது. தொலைவிலுள்ள சென்னையை அலை இரண்டரை மணி நேரமளவில் அடைய, அண்மையிலுள்ள பினாங்கை அடைய நான்கு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஆழ்கடலில் விரையும் அலை ஆழமற்ற நீரில் வேகம் குறையும். மலாக்கா நீரிணையோ ஆழமற்றது. அவ்வளவு நேரம் இருந்தும் மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தோர்.

தீவைக் காத்த ஒரு சொல்

நடுக்க மையத்திற்கு மிக அண்மையில் இருந்தது முற்கூறிய சிமெலுவே. அங்கு அலை சில நிமிடங்களிலேயே வந்தது. எந்தக் கருவியின் எச்சரிக்கையும் முந்தி வந்திருக்க முடியாது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் ஆழிப்பேரலையால் இறந்தோர் எழுவர் என்றே பதிவாகியுள்ளது. அம்மக்களிடம் ‘ஸ்மோங்’ என்றொரு சொல் இருந்தது. 1907ஆம் ஆண்டு அத்தீவைப் பேரலை அழித்தபின், பாட்டன்மார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் அச்சொல்லைக் கையளித்தனர். நிலம் வலுவாக அதிரும், கடல் பின்வாங்கும், மேட்டுக்கு ஓடு. இம்மூன்றும் அந்த ஒரு சொல்லுள் அடங்கின. ஒருவர் கூவியதும் ஊரே குன்றேறியது.

நம்மிடமும் ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல் உண்டு. அது கடல் நிலத்தைக் கொண்டதைக் கூறுகிறது. வருமுன் செய்ய வேண்டியதைக் கூறவில்லை. ‘சுனாமி’ என்னும் சப்பானியச் சொல்லின் பொருள் துறைமுக அலை என்பதே. சொல் பழமையானதா, புதியதா என்பதன்று. அதனோடு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே உயிர் காப்பது.

முடிவுரை

சுமத்திராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளின் கீழுள்ள பகுதி 1797இலும் 1833இலும் பெருநடுக்கங்களைக் கண்டது. 2007இல் அதன் ஒரு பகுதியே விடுபட்டது. எஞ்சிய இறுக்கம் இன்னும் அங்கிருப்பதாக ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. ‘கீழமிழ்தல்’ என்று கரும்பலகையில் எழுதும் நாளில் அதன் தன்வினைப் பொருளையும், பூட்டு உடைவதையும், அலை புறப்படும் விதத்தையும் ஒரே பாடமாக நடத்துக. கடல் உள்வாங்குவதைக் கண்ட பின்னரே ஓட வேண்டும் எனக் கற்பித்தல் தவறு. சில கரைகளில் அவ்வறிகுறி முதலில் தோன்றாது. கரையில் நின்று வலுவான அதிர்வை நெடுநேரம் உணர்ந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. நம் மேற்குக் கரையிலோ அதிர்வு மெல்லியதாக இருக்கலாம். அலை மணிக்கணக்கில் தாழ்த்தும் வரலாம். அங்கு அரசின் அறிவிப்பு வரும்வரை கடற்கரைக்குத் திரும்பாதிருத்தல் வேண்டும் என்பதையும் பாடத்துடன் சேர்த்துச் சொல்லுக.