கன்று எப்போது வளர ஆரம்பிக்கிறது?



பெரிய மார்க்கெட்டில் வியாபாரிகள் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் தழையை மாடுகள் மேய்வதைப் பார்த்திருப்பீங்க. அதில் ஒன்று சினைப்பசுவாக இருந்தால்? அதுக்கு வயிறு நிரம்பிடும். ஆனால் உள்ளே இருக்கும் கன்றுக்குச் சத்து போகுமா?

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்றின் பிறப்பு எடையில் பாதிக்கு மேல் கடைசி 3 மாதத்தில்தான் கூடுகிறது. அதுக்காக முதல் மாதங்களை விட்டுடக் கூடாது. கன்றின் தசை இழைகள் எத்தனை என்பது தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடும். பிறந்த பிறகு இழைகள் பருக்கும், எண்ணிக்கை கூடாது. தாய் அரைப்பட்டினி கிடந்தால், பின்னாடி எவ்வளவு தீனி போட்டாலும் அந்தக் குறை முழுசாகத் தீராது.

உங்களுக்குத் தெரியுமா?
அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இறைச்சி மாடுகளை வைத்து ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சினையின் கடைசி மாதங்களில் புரதத் தீவனம் கூடுதலாகத் தின்ற பசுக்களின் கிடேரிக் கன்றுகள் வளர்ந்தபின் 93 சதவீதம் சினைப்பிடித்தன. அது கிடைக்காத பசுக்களின் கிடேரிகளில் 80 சதவீதம்தான்! பாட்டி தின்றது பேரக்கன்று வரை போகுது பாருங்க.

இலை மட்டும் போதாதா?
10 கிலோ முட்டைக்கோஸ் இலையில் சுமார் 9 கிலோ தண்ணீர்தான். வைக்கோலில் புரதம் 4 சதவீத அளவே. கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் கடைசி 2 மாதம் பால் கறப்பதை நிறுத்தி, பசும்புல்லோடு தவிடு, புண்ணாக்கு, தாது உப்புக் கலவையும் கொடுக்கச் சொல்றாங்க. ஆனால் அளவுக்கு மீறிக் கொழுக்க வைத்தால் ஈனும்போது கஷ்டம்.

சீம்பால் யாருக்கு?
மாட்டில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது. சீம்பால் வழியாகத்தான் போகணும். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. எனவே முதல் சீம்பால் கன்றுக்கு, மீதிதான் நமக்கு!

நாம் என்ன செய்யலாம்?
1. காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீங்க. மாடு பையோடு விழுங்கிடும். அது வயிற்றிலேயே தங்கி, தீனிக்கு இடமில்லாமல் அடைக்கும். சினைமாடு என்றால் இரண்டு உயிருக்கு ஆபத்து.
2. வீட்டில் சினைமாடு இருந்தால் தீவன அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்க. நம்ம குரும்பாபேட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருக்கு.

கன்று கொழுகொழுன்னு வேணும்னா, அது பிறக்கும் முன்னாடியே தாயைக் கவனிப்போம்!