எண்ணில் இல்லை, துளியில் இருக்கிறது

இங்க்ஜெட் பிரிண்டரின் பிரிண்ட்ஹெட் தாளைத் தொடுவதே இல்லை. தாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மேலே இடமும் வலமுமாக ஓடிக்கொண்டு, நாசில் எனப்படும் நுண்துளைகள் வழியே மைத்துளிகளை எய்கிறது. எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்குமா, படத்தில் முகத்தின் நிறம் இழையுமா, பொரிப்பொரியாகத் தெரியுமா என்பதெல்லாம் அந்தத் துளிகள் எவ்வளவு சிறியவை, எவ்வளவு சரியாகக் குறியில் விழுகின்றன என்பதைப் பொறுத்தது. நல்ல மையும் நல்ல தாளும் அந்த வேலையைக் காப்பாற்றலாம். தலை செய்த பிழையை அவற்றால் திருத்த முடியாது.

துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது வெப்பம். 1977-இல் ஜப்பானின் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டபோது ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. அதைக் கவனித்த இச்சிரோ எண்டோ அதிலிருந்தே ‘பபிள் ஜெட்’ முறையை வளர்த்தெடுத்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் ஹெச்பி நிறுவனத்தில் ஜான் வாட்டும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். நாசிலுக்குப் பின்னால் உள்ள நுண்ணிய ஹீட்டர், சில மைக்ரோவினாடிகளில் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அதை ஒட்டிய மையின் மெல்லிய படலம் ஆவியாகிக் குமிழாக விரிந்து, ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. குமிழ் ஒடுங்கியதும் புது மை உள்ளே வருகிறது. சிலிக்கான் சிப் போலவே இத்தலையை மலிவாகச் செய்யலாம். ஆனால் கொதிநிலையைத் தாங்கும் மையை மட்டுமே இதில் ஊற்ற முடியும். நாளடைவில் ஹீட்டரின் மேல் மை தீய்ந்து படிந்து, துளியின் வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

இரண்டாவது வழி பீசோ. மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே வடிவம் மாறும் பொருளால் மையறையின் சுவரை நெருக்கித் துளியைத் தள்ளுவது இம்முறை. எப்சன், பிரதர் பிரிண்டர்களில் இருப்பது இதுதான். இங்கே மை சூடாக வேண்டியதில்லை. ஆகவே சால்வென்ட் மை, புற ஊதா ஒளியில் இறுகும் மை, துணிச்சாயம் எனப் பலவற்றைப் பயன்படுத்த இடமுண்டு. அதைவிட முக்கியமானது, மின்துடிப்பின் வடிவத்தை மாற்றி ஒரே நாசிலிலிருந்து சிறிய, நடுத்தர, பெரிய துளிகளை வரவழைக்கலாம் என்பது. வெளிர் நிறத்துக்குச் சிறு துளி, அடர்ந்த கருப்புக்குப் பெரிய துளி என்று பிரித்துப் போடும்போது, படமும் இழைவாக வருகிறது, வேகமும் குறைவதில்லை.

துளியின் அளவைப் பிகோலிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு பிகோலிட்டர். அந்த அளவுள்ள துளியின் குறுக்களவு சுமார் 12 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி அதைப்போல ஐந்தாறு மடங்கு தடிமன். போட்டோ அச்சிடும் வீட்டுப் பிரிண்டர்கள் 1 முதல் 5 பிகோலிட்டர் வரையான துளிகளைப் போடுகின்றன. ஊர்தோறும் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் இயந்திரங்களுக்கு 30 பிகோலிட்டரும் அதற்கு மேலும் போதும். இருபதடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளிகள் தனித்தனியே தெரியப்போவதில்லை. பெரிய துளி என்றாலே மட்டம் என்று நினைப்பது தவறு. பார்க்கும் தூரத்துக்கு ஏற்ற துளி எது என்பதே கேள்வி.

சிறிய துளியும் தப்பான இடத்தில் விழுந்தால் பயனில்லை. வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிளம்பும் துளி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைக் கடப்பதற்குள், வினாடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் ஓடும் தலையோடு சேர்ந்து பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். தலை வலப்பக்கம் போகும்போது வலப்புறமும், திரும்பும்போது இடப்புறமும் துளி தள்ளி விழும். இரண்டுக்குமான வேறுபாடு 0.2 மில்லிமீட்டர். இதைச் சரிக்கட்டாவிட்டால் செங்குத்துக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். பிரிண்டர் மென்பொருளில் உள்ள ‘அலைன்மென்ட்’ செய்வது இந்தக் கணக்கைத்தான். துளியின் வாலிலிருந்து பிரிந்து மெதுவாகப் பின்தொடரும் குட்டித் துளிகள் இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்து, எழுத்தின் ஓரத்தைப் பிசிறடிக்கச் செய்கின்றன.

பெட்டியின் மேல் 5760 x 1440 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று அச்சிட்டிருப்பதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். ஓர் அங்குலத்தை 5760-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 4.4 மைக்ரான். எவ்வளவு சிறிய துளியும் அதைவிடப் பெரியது. தாளில் பட்டதும் இன்னும் பரவும். ஆக அந்த எண் துளியை எவ்வளவு நுட்பமாக நகர்த்தி வைக்க முடியும் என்பதைச் சொல்கிறதே தவிர, அத்தனை தனிப் புள்ளிகள் தெரியும் என்று சொல்லவில்லை. வாங்குபவர் கேட்க வேண்டியது குறைந்தபட்சத் துளியளவும், துளி அளவு மாறுமா என்பதும், எத்தனை நிற மைகள் என்பதும்தான். வெளிர் நீலம், வெளிர் மெஜன்டா சேர்ந்த ஆறு நிறப் பிரிண்டரில் தோல் நிறத்தின் பொரிகள் மறைவது இந்தக் கூடுதல் வெளிர் மைகளால்தான்.

நாசில்களின் எண்ணிக்கையும் வளர்ந்திருக்கிறது. 1984-இல் வந்த ஹெச்பி திங்க்ஜெட்டில் 12 நாசில்கள்தான் இருந்தன. 2013-இல் அதே நிறுவனம் விற்ற ஆபீஸ்ஜெட் ப்ரோ எக்ஸ் வரிசையில், தாளின் அகலம் முழுவதும் நீண்டு அசையாமல் நிற்கும் தலையில் 42,240 நாசில்கள். வேகம் பெருகியது. ஆனால் இங்கே ஒரு நாசில் அடைபட்டால் பக்கம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு விழும் அபாயமும் உண்டு. ஓடும் தலையில் அதே வரியை வேறு நாசில்களால் மறுபடி கடந்து, அந்தக் குறையை மறைக்கலாம். உயர்தர அச்சு மெதுவாக வருவதற்கு இப்படி மறுபடி கடப்பதும் ஒரு காரணம்.

அடைப்பு பெரும்பாலும் மை உலர்வதால் வருகிறது. பீசோ தலைக்கு உள்ளே புகுந்த காற்றுக் குமிழும் அழுத்தத்தை உறிஞ்சிக்கொண்டு துளியை நிறுத்திவிடும். வேலை முடிந்ததும் தலை ஓரத்தில் உள்ள ரப்பர் மூடியில் போய் நிற்கிறது. பிரிண்டரைத் தன் பொத்தானால் அணைக்காமல் பிளக்கிலேயே நிறுத்தினால், தலை மூடிக்குப் போய்ச் சேராமல் காய்ந்துபோகக்கூடும். வாரம் ஒருமுறை வண்ணப் பக்கம் ஒன்றை அச்சிடுவது மலிவான பாதுகாப்பு. தலையைச் சுத்தம் செய்யும் வசதி மையை உறிஞ்சி எடுத்துக் கொட்டுவதால், நாசில் செக் அச்சில் கோடு விடுபட்டிருந்தால் மட்டும் அதை இயக்க வேண்டும். கார்ட்ரிட்ஜோடு தலையும் சேர்ந்து வரும் பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜை மாற்றினால் புதுத் தலையும் கிடைத்துவிடும். தலை நிலையாகப் பொருத்தப்பட்டவற்றில் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு; தலை போனால் பழுதுச் செலவு பிரிண்டரின் விலையையே நெருங்கலாம்.