கிழக்கிலங்கை முஸ்லிம்களும் மாகாண சபையும்

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கும் மேற்பட்டவர் ஷஹீதாக்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழர் பகுதிக்கு அதிகாரம் என்றதும் இலங்கை முஸ்லிம்கள் ஏன் அஞ்சினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும், அந்த அச்சத்திற்கு மருந்து மாகாண சபையே இல்லாதிருப்பதா?

1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டதால் முஸ்லிம்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாயினர். அந்நிலையிலும் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் 1988 தேர்தலில் போட்டியிட்டு 17 இடங்களைப் பெற்றது. இணைப்பு செல்லாதென 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் கிழக்கிற்குத் தனிச் சபை அமைந்தது.

கிழக்கில் தமிழர், முஸ்லிம், சிங்களர் எவரும் பெரும்பான்மையர் அல்லர். 2012 தேர்தலில் 37 இடங்களில் தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. முதலில் கொழும்பின் ஆளுங்கட்சியுடன் சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸ், 2015இல் தமிழரோடு கைகோத்தது. 11 பேர் கொண்ட கட்சி, 7 பேர் கொண்ட கட்சியின் ஹாபிஸ் நஸீர் அஹமதை முதலமைச்சராக ஏற்று அமைச்சரவையில் அமர்ந்தது! காத்தான்குடித் துயருக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. திருமறையில் ஓர் அத்தியாயத்திற்கே ‘ஷூரா’ என்று பெயர். அந்தக் கலந்தாலோசனைக்கு ஓர் அவை வேண்டுமல்லவா?

அந்த அவை 2017 செப்டம்பரில் காலாவதியானது. 2019க்குள் ஒன்பது மாகாண சபைகளும் அவ்வாறே முடிந்தன. அதன்பின், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில் நிர்வாகம். நம் ஆவடி, அம்பத்தூர் ஜமாஅத்துகளில் நிர்வாகத் தேர்தல் ஓராண்டு தள்ளினாலே எத்தனை கேள்விகள் எழுகின்றன!

தடை எங்கே? 2017இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தித் தொகுதி முறையைக் கலந்தார்கள். சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு இடங்கள் குறையும் என்ற கவலை நியாயமானதே. 2018இல் தொகுதி எல்லை அறிக்கைக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டமும் இல்லை, புதியதும் நிறைவேறவில்லை. 2025 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாகாணத்திற்கு அவ்வாண்டும் நடக்கவில்லை.

பழைய விகிதாசார முறையிலேயே தேர்தல் நடத்துவது முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் ஒருங்கே நன்மை. அதற்காகத் தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.