தாளில் சுற்றிக் கொடுக்கும் சரக்கு



கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்து மளிகைக் கடைகளில் சோப்பு, ஷாம்புவுக்கு அடுத்தபடியாக நாப்கின் பாக்கெட்டும் இடம்பிடித்து விட்டது. கேட்பவர் கூச்சத்தோடு கேட்கிறார். நாமும் தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்து விடுகிறோம். அரிசியில் கல் இருந்தால் மறுநாளே வந்து சண்டை போடும் வாடிக்கையாளர், இந்தச் சரக்கில் குறை இருந்தால் வாய் திறப்பதில்லை. ஆகவே பார்த்துக் கொள்முதல் செய்ய வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

2022 நவம்பரில் டெல்லியைச் சேர்ந்த 'டாக்சிக்ஸ் லிங்க்' என்ற அமைப்பு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்தியச் சந்தையில் விற்கும் 10 ரக நாப்கின்களைச் சோதித்ததில், பத்திலும் தாலேட் எனும் ரசாயனமும், எளிதில் ஆவியாகும் ரசாயனங்களும் இருந்தன. 'ஆர்கானிக்' என்று அச்சிட்ட 4 ரகங்களும் இதில் அடக்கம். தாலேட் என்பது பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்யும் பொருள். உடலின் ஹார்மோன் வேலையைக் குலைக்கக் கூடியது என்று அஞ்சப்படுகிறது. ஆவியாகும் ரசாயனங்கள் பசை, பெயிண்டு, வாசனைப் பொருள்களில் இருப்பவை. 2024-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் சோதித்த டாம்பன்களில் ஈயம் உள்ளிட்ட உலோகங்கள் காணப்பட்டன.

இதைக் கேட்டு அலறவும் வேண்டாம். ரசாயனம் இருப்பது தெரிந்தது. அதனால் நோய் வந்தது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் மாதந்தோறும், பல ஆண்டுகள், மென்மையான தோலில் வைத்துப் பயன்படுத்தும் பொருள் இது. 'இத்தனூண்டுதானே' என்று தள்ளிவிட முடியாது.

நாப்கினுக்கென இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 5405 உண்டு. அது 2019-ல் திருத்தப்பட்டது. உறிஞ்சும் திறன், சுத்தம் போன்றவற்றை அது பார்க்கிறது. 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டது. எனவே வரியைக் காட்டி, பில் இல்லாத சரக்கைத் தள்ளிவிட வருவோரின் பேச்சு எடுபடாது.

நாம் செய்யக் கூடியவை இவை:

1. தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், விலை, எண்ணிக்கை ஆகியவை அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். பில்லோடு வாங்குங்கள். ஐ.எஸ். 5405 எண்ணுடன் தர முத்திரை இருக்கிறதா என்று ஏஜென்சிக்காரரிடம் கேளுங்கள்.

2. பினாயில், கொசுவர்த்தி, ஊதுபத்தி, எலி மருந்துக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள்.

3. எலி கடித்த, கிழிந்த, நனைந்த பாக்கெட்டைத் தள்ளுபடி விலைக்குக் கூட விற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

4. வாசனை போட்ட ரகத்தோடு வாசனையில்லாத ரகமும் வையுங்கள். அரிப்பு, எரிச்சல் என்று யாராவது சொன்னால் பாக்கெட்டின் தொகுதி எண்ணைக் குறித்து, ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பெண்கள் இருக்கும் கடைகளில் இந்தச் சரக்கை அவர்களே எடுத்துக் கொடுத்தால் குறையும் தானாக வெளியே வரும்.

ஊர் பேர் தெரியாத பாக்கெட்டில் இரண்டு ரூபாய் கூடுதலாக நிற்கலாம். அதைப் பயன்படுத்தப் போவது நம் தெருப் பெண்பிள்ளைகள். நம் வீட்டுப் பெண்களுக்கும் அதே அலமாரியிலிருந்துதான் போகிறது. நம் வீட்டுக்கு எடுத்துப் போகத் தயங்கும் சரக்கை, கடையிலும் வைக்க வேண்டாம்.