‘தங்கக் கை’ சிறுவன்! ஜெயிக்கிற பக்கம் தாவுகிறவர்களுக்கு ஒரு கதை

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே போகிறவர்கள், ரமணாசிரமம் வந்ததும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார்கள். பின்னால் மலை. முன்னால் மர நிழல். இடையே மயில் அகவும் ஓசை. உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். கடல் கடந்து, பல தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். எல்லோரும் தேடி வருவது மன அமைதியை.

இந்த இடத்தில் பந்தாட்டப் பேச்சுக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது! கோவணம் கட்டி, தடி ஊன்றி, இந்த மலை அடிவாரத்தில் வாழ்ந்த ரமண மகரிஷி, சிறு வயதில் கால்பந்து ஆடியவர். அதுவும் எப்படி? அவர் எந்தக் கட்சியில் சேருகிறாரோ, அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்று பெயர் வாங்கியவர்!

அடித்ததெல்லாம் வெற்றி

மகரிஷிக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் வேங்கடராமன். 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார். 1892-ல் தகப்பனார் சுந்தரமய்யர் காலமானார். அதன் பிறகு, மதுரையில் தகப்பனாரின் சகோதரர் வீட்டில் வளர்ந்தார். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்.

பையனுக்குப் பாடப் புத்தகத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை. கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்றால் உயிர். நல்ல உடல் பலம். விளையாட்டில் அவன் இருக்கும் பக்கமே ஜெயித்து வந்தது. அதனால் கூட்டாளிகள் அவனுக்கு ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? ‘தங்கக் கை!’

இப்படி ஒரு பையன் தெருவில் இருந்தால், அவனை யாருக்குத்தான் பிடிக்காது என்று நினைப்பீர்கள். ஆனால் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது.

வேங்கடராமன் படுத்தால், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அவ்வளவு தூக்கம்! பகலில் அவன் எதிரே நிற்கப் பயந்த பையன்கள் சிலர், இரவில் வருவார்கள். தூங்குகிறவனைத் தூக்கிக் கொண்டு போவார்கள். ஆசை தீர அடிப்பார்கள். பிறகு கொண்டு வந்து படுக்க வைத்து விடுவார்கள். மறு நாள் பிறர் சொன்னால்தான் அவனுக்கு விஷயமே தெரியும்!

பாருங்கள், ஒரே பையன். ‘தங்கக் கை’ என்று கொண்டாடவும் ஆள் இருந்தது. திருட்டுத்தனமாக அடிக்கவும் ஆள் இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவன் ஜெயித்துக் கொண்டே இருந்தான்.

இன்றைய விளையாட்டுக் கோஷ்டிகளுக்கும் இதே கதிதான். ஜெயிக்கிற கோஷ்டியின் பின்னால் இரண்டு கூட்டம் போகும். ஒட்டிக் கொள்கிற கூட்டம் ஒன்று. வயிறு எரிகிற கூட்டம் மற்றொன்று.

‘நாம்’ ஜெயித்தோம்; ‘அவர்கள்’ தோற்றார்கள்!

ஒட்டிக் கொள்கிற கூட்டத்தை முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்று ஒரு மனோதத்துவ பேராசிரியர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1976-ல் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குள் சனிக்கிழமை பந்தாட்டம் நடக்கும். திங்கட்கிழமை மாணவர்கள் என்ன சட்டை போட்டு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். தங்கள் பல்கலைக்கழகம் ஜெயித்த வாரங்களில், அதன் பெயரும் சின்னமும் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன!

அதோடு விடவில்லை. மாணவர்களுக்கு டெலிபோன் செய்து, ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாம் ஜெயித்தோம்’ என்ற தோரணையில் பதில் வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது, அந்த ‘நாம்’ குறைந்து விட்டது.

நம் ஊரிலும் இதுதானே நடக்கிறது? சென்னை ஜெயித்தால், “நம்ம டீம் ஜெயிச்சிட்டுது” என்கிறார்கள். தோற்றால், “அவனுங்களுக்கு ஆடத் தெரியலே” என்கிறார்கள். ஒரே இரவில் ‘நாம்’ போய் ‘அவன்’ வந்து விடுகிறான்!

இது பெரிய குற்றம் அல்ல. மனிதனுக்குப் பெருமை வேண்டும். சொந்தமாகப் பெருமை இல்லாத நாளில், பிறர் பெருமையில் கொஞ்சம் குளிர் காய்கிறான். ஆனால் இந்த உறவு எவ்வளவு நாள் நிற்கும்? நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறக்கிற பறவைகளையும், குளத்தோடு சேர்ந்து கிடக்கிற ஆம்பலையும் ‘மூதுரை’யில் காட்டினார் ஔவையார். ரசிகர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு.

சென்னையில் இருந்து ரெயில் புறப்பட்டது

ஆம்பல் எது, பறவை எது என்று தெரிய, குளம் வற்ற வேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டிக்கு அப்படி ஒரு காலம் வந்தது.

2008-ல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியது. சென்னை 2010-லும் 2011-லும் கோப்பையை வென்றது. தெருவெல்லாம் மஞ்சள் சட்டை! பிறகு சூதாட்டப் புகார் கிளம்பியது. விசாரணைக்குப் பின், 2015-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் 2 ஆண்டு தடை விதித்தார்கள். 2016-லும் 2017-லும் சென்னைக் கோஷ்டி களத்தில் இல்லை.

2018-ல் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இன்னொரு இடி! அப்போது தமிழ்நாட்டில் காவிரிப் போராட்டம். ஏப்ரல் 10-ந் தேதி சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி 6 சென்னை ஆட்டங்களும் புனா நகருக்கு மாற்றப்பட்டன.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஏப்ரல் 19-ந் தேதி, சென்னையில் இருந்து ஒரு ஸ்பெஷல் ரெயில் புறப்பட்டது. அதில் மஞ்சள் சட்டை அணிந்த சுமார் 1,000 பேர்! மறு நாள் புனாவில் ராஜஸ்தானை எதிர்த்து ஆட்டம். சென்னை 64 ரன்னில் ஜெயித்தது. அந்த ஆண்டு கோப்பையும் அதற்கே கிடைத்தது. 2021-லும் 2023-லும் மறுபடி வென்றது.

ஆனால் 2025-ல் என்ன நடந்தது? 10 கோஷ்டிகளில் சென்னை 10-வது இடம்! அதன் சரித்திரத்திலேயே முதல் தடவையாகக் கடைசி இடம். அந்த ஆண்டு மஞ்சள் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தவர் யார், துணிந்து போட்டுக் கொண்டவர் யார் என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரியும்.

எதிராளியிடமும் பாடம் உண்டு

இப்போது ஒரு கசப்பான விஷயம். சென்னை ரசிகர்கள் பலருக்கு ஆகாத பெயர்கள் இரண்டு. ஒன்று மும்பை. இன்னொன்று பெங்களூர்.

மும்பை ஏன் ஆகாது? அது 5 தடவை கோப்பை வாங்கியது. அதில் 2013, 2015, 2019 ஆகிய 3 தடவை, இறுதி ஆட்டத்தில் சென்னையைத் தோற்கடித்தது. 2019-ல் ஒரே ஒரு ரன் வித்தியாசம்! ‘தங்கக் கை’ பையனைக் கண்டு மற்றப் பையன்கள் பொருமிய கதைதான்.

பெங்களூர் கதை வேறு. அது ஜெயிக்காததற்காகவே கேலிக்கு ஆளானது. 2009, 2011, 2016 என்று 3 இறுதி ஆட்டங்களில் தோற்றது. 2017-ல் கல்கத்தாவில் 49 ரன்னில் எல்லோரும் அவுட்! “இந்த வருஷம் கோப்பை நமதே” என்று அதன் ரசிகர்கள் கன்னடத்தில் ஆண்டு தோறும் முழங்குவார்கள். மற்றவர்கள் ஆண்டு தோறும் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். 17 ஆண்டு கோப்பை இல்லை. இருந்தும் அந்தச் சிவப்புச் சட்டைக் கூட்டம் கலையவில்லை! 18-வது ஆண்டு, 2025 ஜூன் 3-ந் தேதி, ஆமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று முதல் கோப்பையைத் தூக்கினார்கள். விசுவாசம் என்றால் இதுவும் விசுவாசம்தான். கேலி செய்தவர்களும் கற்றுக் கொள்ளலாம்.

அந்த மகிழ்ச்சி ஒரு நாள் கூட நிற்கவில்லை. மறு நாள் பெங்களூரில், வெற்றி விழாவைக் காண மைதானத்தின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. நெரிசலில் 11 பேர் மாண்டார்கள். கொண்டாடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. ஆசைக்கும் ஓர் அளவு வேண்டும், கூட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

எழுந்து நின்ற சேப்பாக்கம்

எதிராளியை எப்படி நடத்துவது? இதற்கு இரண்டு மைதானங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

1996 மார்ச் 13-ந் தேதி. கல்கத்தா ஈடன் தோட்டம். உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம். இலங்கையிடம் இந்தியா தோற்றுக் கொண்டிருந்தது. 120 ரன்னுக்கு 8 விக்கெட் போய் விட்டது. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. பாட்டில்கள் பறந்தன. இருக்கைகளில் தீ எரிந்தது. ஆட்டத்தை நிறுத்தி, இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

1999 ஜனவரி 31-ந் தேதி. சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தானுடன் டெஸ்ட் பந்தயம். இந்தியா ஜெயிக்க 271 ரன் தேவை. முதுகு வலியோடு சச்சின் தெண்டுல்கர் 136 ரன் குவித்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. கையில் 3 விக்கெட். ஆனால் மேற்கொண்டு 4 ரன்தான் வந்தது! 12 ரன்னில் இந்தியா தோற்றது.

மைதானம் ஊமையானது. பிறகு ஒரு கைதட்டல். அடுத்து இன்னொன்று. சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியது! பாகிஸ்தான் வீரர்கள் நெகிழ்ந்து போனார்கள். மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றார்கள். அன்று அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு கை தட்டினார்கள். இந்தியா மீது அவர்களுக்கு இருந்த அன்பு அதனால் ஒரு துளி குறைந்து விட்டதா?

நண்பனைக் கொன்ற பேச்சு

இதே தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் நடந்தது. 2022 அக்டோபர் மாதம், அரியலூர் மாவட்டத்தில் இரண்டு இளைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து மது அருந்தினார்கள். கிரிக்கெட் பேச்சு வந்தது. ஒருவருக்கு ரோகித் சர்மா உயர்த்தி. மற்றவருக்கு விராட் கோலி உயர்த்தி. கேலி முற்றியது. ஒருவர் மற்றவரை அடித்தார். அடிபட்டவர் இறந்தார். அடித்தவரைப் போலீசார் கைது செய்தார்கள்.

ஒரு தாய் மகனை மண்ணுக்குக் கொடுத்தாள். இன்னொரு தாய் மகனைச் சிறைக்குக் கொடுத்தாள். எதற்காக? பம்பாயிலும் டில்லியிலும் வளர்ந்த இரண்டு ஆட்டக்காரர்களுக்காக! அந்த இருவரோ இந்தியாவுக்காக ஒரே கோஷ்டியில் ஆடியவர்கள்.

அடிவாரத்தில் ஓர் இரவு

‘தங்கக் கை’ பையன் பிறகு என்ன ஆனான்? 1896 செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பிறகு ஊரை விட்டுப் போகவே இல்லை. 1922-ல் அன்னை அழகம்மாள் மறைந்தார். அவருடைய சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் எழுந்தது.

1924 ஜூன் 26-ந் தேதி இரவு, ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆத்திரத்தில் எல்லோரையும் அடித்தார்கள். மகரிஷிக்கும் தொடையில் அடி விழுந்தது. சீடர்களுக்கு இரத்தம் கொதித்தது. ஒருவர் இரும்புக் கம்பியை எடுத்துக் கொண்டு திருப்பி அடிக்கக் கிளம்பினார். மகரிஷி தடுத்து விட்டார். பல் நாக்கைக் கடித்து விட்டால், பல்லைத் தட்டி எறிகிறோமா என்ற கருத்தில் அவர் பேசினார் என்று அவருடைய சரித்திரத்தில் காண்கிறோம்.

அந்தச் சீடர்களின் அன்பில் குறை உண்டா? இல்லை. ஆனால் தன் மேல் வைத்த அன்பு, பிறர் மேல் விழும் அடியாக மாற அவர் சம்மதிக்கவில்லை.

இதைப் பின்பற்ற யாரும் முனிவர் ஆக வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் கூடி ஆட்டம் பார்க்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு கோஷ்டி. தம்பிக்கு ஒரு கோஷ்டி. இருக்கட்டும். கேலி பேசட்டும், சத்தம் போடட்டும். ஆனால் ஆட்டம் முடிந்ததும், ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும் என்று தாய்மார்கள் சொல்லி வைக்கலாம்.

தோற்ற கோஷ்டியை விட்டு ஓடுகிற பிள்ளையிடம், “அடுத்த தடவை ஜெயிக்கும், இரு” என்று தகப்பன்மார் சொல்லலாம். ஜெயிக்கிற நாளில் சட்டை போட யாராலும் முடியும். தோற்ற நாளிலும் அதே சட்டையைப் போட்டுக் கொண்டு, ஜெயித்தவனுக்குக் கை தட்டுகிற பிள்ளையை வளர்த்து விட்டால், அந்த வீடு கோப்பை வாங்கிய வீடுதான்!