பிள்ளை கையில் முதல் செல்போன்

ஐதர் அலி பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற பூதிகோட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கிராமத்தார் சொந்தமாக வானொலி நடத்த அரசு அனுமதி இல்லாதிருந்த 2003-ம் ஆண்டில், கேபிள் கம்பி வழியாகத் தங்கள் குரலை வீடுகளுக்குக் கொண்டுசென்ற ஊர் அது. பெயர் ‘நம்ம த்வனி’. மைராடா, வாய்சஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களும் யுனெஸ்கோவும் துணை நின்றன. மகளிர் சுய உதவிக் குழுவினர் அதில் முக்கியப் பங்கு வகித்தனர்.

கூடத்தில் ஒலித்ததை வீட்டில் இருந்த எல்லோரும் கேட்க முடிந்தது. பேசுவது யார் என்பதும் ஊருக்குத் தெரியும். இன்று செல்போன் அதே கூடத்துக்குள் வந்திருக்கிறது. ஆனால், மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அதன் வழியாகப் பேசுவது யார் என்று பெற்றவர்களுக்கே தெரிவதில்லை.

தவிப்பு நியாயமானதே

பக்கத்திலுள்ள தங்கவயலில் இந்தப் பிரச்சினைக்கு வேறொரு முகம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பலருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளி விட்டுப் பிள்ளை வந்ததா, சாப்பிட்டதா என்று நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தவிக்கும் தாய்க்கு, ஒரு போன் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா?

அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால், தாய்க்கு வேண்டியது பிள்ளையின் குரல். அதற்குப் பட்டன் போன் போதும். அதிலும் இணைய வசதி உள்ளவை உண்டு; கடையில் கேட்டு, அது இல்லாததாகப் பார்த்து வாங்குவது நல்லது. நான்கைந்து எண்களை மட்டும் பதிந்து கொடுத்தால் கவலை பாதி தீர்ந்தது.

படிப்புக்குத்தானா?

“படிப்புக்கு வேண்டும்” என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். ‘ஏசர்’ அமைப்பு 2024-ல் கிராமப்புறங்களில் நடத்திய ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதை எடுத்தவர்கள் 57 சதவீதம்; சமூக ஊடகங்களுக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம்!

சின்னஞ்சிறு குழந்தைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறூட்டப் போனைக் காட்டும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூடிப் பேசினால்...

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை உள்ளது. அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் நகரில் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. 2023-ல் அங்குள்ள எட்டு ஆரம்பப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் கூடி, ஆரம்பப் பள்ளி முடியும் வரை ஸ்மார்ட்போன் கொடுப்பதில்லை என்று தாங்களாகவே முடிவு செய்தன.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “அவன் வீட்டில் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்ற கேள்விக்கு ஒரு தாய் தனியாகப் பதில் சொல்ல முடியாது. ஒரு லைனில், ஒரு தெருவில் உள்ள பெற்றோர் பேசி வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. கம்பி இழுத்து ஊருக்கே பொதுவாகக் குரல் கொடுத்த பூதிகோட்டைக்கு இது புதிதல்ல.

வீட்டுச் சட்டம்

வயது வந்து ஸ்மார்ட்போன் கொடுத்தாலும் சில விதிகள் வேண்டும். பார்ப்பது கூடத்தில். இரவில் போன் அலமாரியில். ஓ.டி.பி. எண் யாருக்கும் சொல்லக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். பழக்கம் கைமீறினால் அடித்துப் பயனில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உள்ளது.

இந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் பொருந்தும். இரவு ரயிலில் வந்து இறங்கும் தகப்பனார் தம் போனையும் அதே அலமாரியில் வைத்துவிட்டு, “இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்கட்டும். பகலெல்லாம் பிள்ளை காத்திருந்தது அந்தக் குரலுக்காகத்தான்.