விறகுச் சூளையில் மட்பாண்டம் சுடப் பழகுதல்

விறகுச் சூளையில் சுடப் பழக விரும்புவோர், முதலில் அனுபவமுள்ளவர்களின் சூளையில் விறகிடும் உதவியாளராகச் சேர்வதே நலம். ஒரே சூளையில் பலருடைய கலங்கள் அடுக்கப்படுவதால், ஒருவரின் அவசரம் அனைவரின் உழைப்பையும் கெடுத்துவிடும்.

பெருந்தீயைவிடத் தொடக்கத் தீயே கூடுதல் கவனத்தை வேண்டுவது. காய்ந்ததாகத் தோன்றும் கலத்தினுள்ளும் ஈரம் தங்கியிருக்கும். வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது நீராவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். சிதறும் துண்டுகள் அருகிலுள்ளவற்றையும் உடைக்கும். எனவே முதற் சில மணி நேரம் சிறுதீயே போதும். 573 பாகையளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும். ஆறும்போது அதே நிலையில் சுருங்கும். பொறுமையின்றிச் சூளையைத் திறப்போர் விரிசல் கண்ட கலங்களையே பெறுவர்.

ஊரில் வைக்கோல் மூடிச் சுட்டதைக் கண்டவர்களுக்கும் இது புதிதே. அத்தீ பொதுவாக 1,000 பாகையை எட்டுவதில்லை. இச்சூளையோ ஏறத்தாழ 1,300 பாகை வரை செல்லும். அவ்வெப்பத்தில் விறகுச் சாம்பல் கலத்தின்மேல் படிந்து உருகி, கண்ணாடி போன்ற மெருகாகும். மின்சூளையில் இவ்வழகு தானாக அமையாது.

வீட்டு வளவில் சூளை கட்டுமுன் அனுமதி தேவையா என்பதை நகர மன்றத்திடம் கேட்டறிய வேண்டும். புகை குறித்து அயலவருக்கு முன்கூட்டியே அறிவித்தல் நன்று. அவுஸ்திரேலியாவில் முழுத் தீத்தடை நாளன்று திறந்த வெளியில் தீ மூட்டுதல் குற்றமாகும். சுடுதல் சில வேளை பல நாட்கள் நீளுமாதலால், மூட்டும் நாளுக்கு மட்டுமன்றி அடுத்துவரும் நாட்களுக்கான முன்னறிவிப்பையும் பார்த்த பின்னரே தீ வைக்க வேண்டும்.